அட்டையில் நாலு பேர்

பருத்தித்துறை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்புள்ள சுவர்ணாவுக்கு,

நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறார். அதை நம்பிக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். இங்கே நான், துளசிகா, நிவேதனா மூன்று பேரும் உடம்புக்குச் சுகம். மனதுக்கு எப்படி என்பது இதை வாசித்து முடிப்பதற்குள் உனக்கு விளங்கிவிடும்.

இந்தக் காலத்தில் என்னைப் பேனையும் கடதாசியுமாக உட்கார வைத்துவிட்டாய். வேறு என்ன செய்வது? வட்ஸ்அப்பில் எழுதினால் வாசித்ததாக நீல அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. அழைத்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. பஞ்சலிங்கம் மாமா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை சுவிசுக்குத் திரும்புகிறார். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஸ்ரேசன் தள்ளித்தானே அவர் இருக்கிறார். உன் அம்மா வறுத்து இடித்து வைத்திருக்கிற மிளகாய்த்தூளை அவர்தான் கொண்டுவந்து தரப்போகிறார். இதையும் அந்தப் பார்சலுக்குள் செருகிவிடுகிறேன். வாசிக்கும்போது தும்மல் வந்தால் என்னைத் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். போய் நாலு மாதமாக ஒரு சொல்லும் இல்லாமல் இருந்துவிட்டு, போன வியாழக்கிழமை ஒரு செய்தி அனுப்பினாயே, அது கிடைத்தது. "அட்டையில் இருந்து என் படத்தையும் பெயரையும் நீக்கிவிடவும். நாலாவது பாடலில் உள்ள என் கிற்றாரையும் நீக்கிவிடவும். இனி இது பற்றித் தொடர்பு கொள்ள வேண்டாம். நன்றி." நன்றியாம்! என் சப்பாத்தைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவாய், என் சாப்பாட்டுப் பெட்டியில் பாதியைத் தின்பாய், ஒரு நாளாவது எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாயா? அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு உச்சி கொதித்துவிட்டது.

எங்கள் நாலு பேரின் ரொக் குழுவுக்கு ‘மேனாமினுக்கி’ என்று பெயர் வந்தது எப்படி என்று நீ மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பும் பஸ்ஸில், கண்ணைச் சுற்றி மையும் ஊதிவிட்ட தலைமயிருமாக நாங்கள் நின்றபோது, முன் சீற்றில் இருந்த ஒரு மனுசி, "எந்தக் குடும்பத்துப் பெட்டையளோ, மேனாமினுக்கியள்" என்று காது கேட்கச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. துளசிகா சண்டைக்குப் போகப் பார்த்தாள். நீதான் குனிந்து, "அன்ரி, நல்ல பெயராய்க் கிடக்கு. நாங்கள் எடுக்கலாமோ?" என்று கேட்டாய். பஸ்ஸே சிரித்தது. அந்தச் சுவர்ணாவுக்குத்தான் நான் இதை எழுதுகிறேன். "நீக்கிவிடவும்" என்கிற சுவர்ணாவை எனக்குத் தெரியாது.

எங்கள் சீடியின் அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘கரையாத மை’ என்று மேலே பெரிய எழுத்து, கீழே நாங்கள். ஸ்ரூடியோப் பிரவீணன் அதை ஒருமுறை முகநூலில் போட்டான், பாட்டு விபரங்களோடு. அங்கேயிருந்து அது சுவிஸ், நோர்வே, கனடா எல்லாம் சுற்றிவிட்டது. இந்தக் காலத்தில் சீடி யார் வாங்குவார்கள், பாட்டை இணையத்தில் விட்டால் போதாதா என்று அவன் முதலிலேயே கேட்டான். கையிலே பிடித்துப் பார்க்க ஒரு சாமான் வேண்டும், அட்டையில் எங்கடை மூஞ்சியள் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் யார்? நீ. இப்போது உன் மூஞ்சியை மட்டும் எடுக்க வேண்டுமாம்.

நீ போன பிறகு இங்கே நடந்த கூத்துகளையும் கேள். கொக்குவில் வீடு போய்விட்டது. நிவேதனாவின் பெரியப்பா லண்டனில் இருந்துகொண்டு பூட்டி வைத்திருக்கிற அந்த வீட்டில்தானே, ரயில் சத்தம் ஓயும் வரைக்கும் காத்திருந்து காத்திருந்து எல்லாப் பாட்டையும் பதிந்தோம். மனிதர் யாரோ தெரிந்தவரைப் பிடித்து உள்ளே கமரா பூட்டிவிட்டிருக்கிறார். எங்களுக்குச் சொல்லவில்லை. கடைசிக் குரல் பதிவுக்கு நிவேதனா, உடுப்பும் மையும் இல்லாமல் தனக்குப் பாட்டு வராது என்று முழு அலங்காரத்தோடு வந்தாள். தலையை விரித்து ஆட்டி ஆட்டி அலறினாள். அவர் லண்டனில் போனில் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு எடுத்து, "என்ரை வீட்டிலை ஆரோ பெட்டை உருவாடுது, உடனை ஐயரைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கோ" என்றிருக்கிறார். ஐயரும் வந்துவிட்டார், விபூதியும் தேசிக்காயுமாக. நிவேதனா அந்தத் தேசிக்காயைப் பிழிந்து தண்ணீர் கரைத்துக் குடித்துவிட்டு, ஐயரை ஒரு ஓரமாக இருக்கச் சொல்லிப் பாட்டை முடித்தாள். ஐயர் நல்ல மனிதர், குரல் கணீரென்று இருக்கிறது என்று சொன்னார். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதுவாவது சிரிக்கக்கூடிய கதை. மண்டபக் கதை அப்படி இல்லை. வெளியீட்டுக்கு ரவுணில் ஒரு மண்டபம் பேசி, நாளும் குறித்துவிட்டோம். சுவரொட்டியைக் கண்டதும் முகாமையாளர் கூப்பிட்டனுப்பினார். நானும் துளசிகாவும் போனோம். "பிள்ளையள், குறை நினையாதேங்கோ. உது எங்கடை கலாசாரத்துக்குச் சரிவராது. சீலை கட்டிக்கொண்டு ரெண்டு பக்திப் பாட்டுப் பாடுறதெண்டால் சொல்லுங்கோ, குறைச்சுப் போட்டுத் தாறன்" என்றார். அவருக்குப் பின்னால் மேடையில் அடுத்த நாள் சாமத்திய வீட்டுக்கு, யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சடங்குக்கு, ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆள் உயர அன்னப்பட்சி வண்டி. மேலே வெட்டி வெட்டி எரியும் கலர் லைற். புகை மெசினைப் பரிசோதிக்கிறோம் என்று இரண்டு பேர் புகையை அடித்துவிட, கலாசாரம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் இருமி இருமிக் கண்ணீர் விட்டார்.

அந்தச் சாமத்திய வீட்டுப் பிள்ளைக்கு மேக்கப் போட்டதும், எங்களுக்கு அட்டைப் படத்துக்குப் போட்ட அதே பார்லர் அக்காதான். அதே பவுடர், அதே மினுக்கம், அதே ஒட்டுக் கண்மயிர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்காமல் பூசி, அன்னத்தில் ஏற்றிப் புகைக்குள் தள்ளிக்கொண்டு வந்தால் அது பண்பாடு. இருபத்தேழு வயதுக்காரி தானே விரும்பிப் பூசிக்கொண்டு ட்ரம்ஸ் அடித்தால் ஊர் கெட்டுவிடும். இதைத்தான் அவரிடம் கேட்டேன். அவர் நாங்கள் கட்டிய முற்பணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

வீட்டுப் புதினமும் சொல்ல வேண்டும். அப்பா வழக்கம்போலத்தான். இன்று கோயிலில் விண்ணப்ப நேரத்தில் எழும்பி, "எங்கடை பிள்ளையளின்ரை இசை முயற்சிக்காகவும்" என்று ஜெபித்தார். என்ன இசை என்று சொல்லவில்லை. என் அப்பா ஐசாக் வாத்தியார் ஜெபித்தால் அது கீதங்களாகத்தான் இருக்கும் என்று போதகர் நினைத்து, வரும் நத்தாருக்கு எங்களை வந்து இயேசு பிறப்புப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டார். அம்மாவின் பாடுதான் பாவம். நத்தார் நாடகத்து ஞானிகள் மூவரின் மினுங்கல் அங்கிகளைக் காணவில்லை என்று ஓய்வுநாள் பாடசாலையில் தேடத் தொடங்கிவிட்டார்கள். அவை எங்கள் மேற்சட்டைகளாகி அட்டைப் படத்தில் நிற்பது அம்மாவுக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். ஞானிகள் மூன்று பேர், நாங்கள் நாலு பேர் என்று அன்றைக்கு அவர் தலையில் கைவைத்தது நினைவிருக்கிறதா? பழைய மேடைத் திரையை வெட்டித் தைத்ததை எனக்குத் தந்துவிட்டு, பொன் நிறத்தை நீ பிடுங்கிக்கொண்டாய். படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பொன் நிறம்தான். உன்னை எடுத்தால் அந்த இடம் ஓட்டையாகத் தெரியும். பக்கத்தில் இருக்கிற என்னுடைய தோளில் உன் கை இருக்கிறது. அந்தக் கையை என்ன செய்யச் சொல்கிறாய்?

எடி, ஊர்ச் சனம் சொல்வது எனக்குப் பழகிவிட்டது. மண்டபக்காரர் சொல்வார், பஸ்ஸில் வந்த மனுசி சொல்வார், நிவேதனாவின் பெரியப்பா லண்டனில் இருந்தும் சொல்வார். எல்லாருக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது, ஏனென்றால் நீ ஒரு பதிலைச் சொல்லித் தந்திருந்தாய். உனக்குச் சொல்லத்தான் என்னிடம் பதில் இல்லை. கல்யாணம் முடித்தாய், நல்லது. சுவிசுக்குப் போனாய், அதுவும் நல்லது, எல்லாரும் போகிறார்கள். நாங்கள் உன்னை இரு என்று கேட்டோமா? உன் பங்கை முழுக்க வாசித்துவிட்டுத்தான் போனாய். விமான நிலையத்தில் என்ன சொன்னாய்? "பாட்டு வெளியிலை வரேக்கை நான் அங்கை பனிக்குள்ளை நிண்டு ஆடுவன்" என்றாய். ஆடவேண்டாம் தாயே. அட்டையிலாவது நின்றிருக்கலாம்.

சரி. நீ கேட்டபடியே செய்கிறேன். நாளைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய்ப் பிரவீணனிடம் சொல்லி, நாலாவது பாட்டில் மட்டும் இல்லை, எல்லாப் பாட்டிலும் உன்னை எடுத்துவிடச் சொல்கிறேன். வேறு யாராவது வந்து வாசிப்பார்கள். கிற்றார் வாசிக்க உலகத்தில் நீ ஒருத்திதானா? அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். இதற்கு மேல் எழுதினால் நல்லதாக ஒன்றும் வராது.


திங்கள், பின்னேரம்.

சுவர்ணா,

மேலே எழுதியதைக் கிழிக்கலாமா என்று யோசித்துவிட்டு, கிழிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தக் கோபமும் உனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் இதை வாசிக்கும் வரைக்கும் அதை மனதில் வைக்காதே.

இன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிரவீணனின் ஸ்ரூடியோவுக்குப் போனேன். அவன் ஒரு பிள்ளையார் பாட்டுக்கு மிருதங்கம் சேர்த்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்து, நாலாவது பாட்டைத் திற, முதலில் அதில் இருக்கிற சுவர்ணாவை எடு என்று சொல்லி, உன் செய்தியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அக்கா, உங்களுக்கென்ன விசரோ? உந்தப் பாட்டிலை சுவர்ணாக்கா எங்கை இருக்கிறா?" என்றான்.

உன் செய்தியை வாசித்த கோபத்தில் எனக்கு அது ஓடவே இல்லை.

நாலாவது பாட்டு ‘வெறுங்கை’. எங்கள் தொகுப்பிலேயே கிற்றார் இல்லாத ஒரே ஒரு பாட்டு. அது பதிந்த அன்றைக்குத்தான் உன்னுடைய எழுத்து, கல்யாணப் பதிவு. மாப்பிள்ளைக்கு லீவு குறைவு, எழுத்தை முடித்தால்தான் உன்னை அங்கே கூப்பிடும் விசா அலுவலைத் தொடங்கலாம் என்று நாளை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். எங்களுக்கோ அன்று விட்டால் அந்த மாதம் கொக்குவில் வீட்டுக்கு வேறு நாள் இல்லை. நீ இல்லாமலே ட்ரம்ஸ், பேஸ், குரல் என்று மூன்று பேரும் பதிந்தோம். எல்லாம் முடிகிற நேரம், கையெழுத்து வைத்த கையோடு, கூறை போன்ற சீலையும் தலை நிறையப் பூவுமாக ஓட்டோவில் வந்து இறங்கினாய். போட்டுக் காட்டினோம். நிலத்தில் குந்தியிருந்து கேட்டுவிட்டு, "என்னை விட்டிட்டுச் செய்திட்டியளடி" என்று குழறினாய். பிறகு வாசித்துச் சேர்க்கலாம் என்றோம். வேண்டாம், இது இப்படியே நல்லாய்க் கிடக்கு, அதுதான் எனக்கு ஆத்திரம், செத்தாலும் இதை மறக்கமாட்டன் என்றாய். ஒரு கிழமை எங்களோடு கதைக்கவில்லை. அன்றைக்கு உன் மை கன்னம் முழுக்கக் கரைந்து ஓடியதைப் பார்த்துத்தான் நிவேதனா தொகுப்புக்கே பெயர் வைத்தாள்.

அப்படிப்பட்டவள் நாலாவது பாட்டில் உள்ள தன் கிற்றாரை நீக்கச் சொல்லுவாளா?

பிரவீணன் தன் முகநூல் பதிவை எடுத்துக் காட்டினான். அவசரத்தில் எட்டுப் பாட்டுக்கும் கீழே ஒரே விபரத்தை ஒட்டிவிட்டிருக்கிறான். ‘வெறுங்கை’க்குக் கீழேயும் ‘கிற்றார்: சுவர்ணா’ என்று கிடக்கிறது. அந்தப் பாட்டில் இருந்துதான் சாராயக் கடையைப் பற்றிய இரண்டு வரியை எடுத்து மாதிரிக்குப் போட்டிருந்தான். அதைக் கண்ட யாருக்கோ அந்தப் பாட்டுத்தான் உறுத்தியிருக்கிறது. பாட்டைக் கேட்காமல் பதிவை மட்டும் பார்த்த ஒரு ஆளுக்குத்தான் இந்தப் பிழை வரும். எங்களில் ஒருத்திக்கு வராது.

அதனால் இரண்டில் ஒன்று. ஒன்று, அந்தச் செய்தியை நீ எழுதவில்லை, உன் போனில் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். இல்லையென்றால், பக்கத்தில் ஆள் நிற்க நீயே எழுதி, எங்களுக்கு மட்டும் விளங்கட்டும் என்று வேண்டுமென்றே பிழையைப் போட்டிருக்கிறாய். பஸ் வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நேற்று நான் உன்னைத் திட்டித் தீர்த்த நேரத்தில் நீ அங்கே என்ன நிலைமையில் இருந்தாயோ.

வழியில் உன் அம்மாவிடம் இறங்கினேன். நீ கடைசியாக எப்போது கதைத்தாய் என்று கேட்டேன். "மருமோன் கிழமைக்குக் கிழமை எடுக்கிறார் பிள்ளை. அவ பக்கத்திலைதான் இருக்கிறாவாம், வேலையாய் நிக்கிறாவாம்" என்றார். உன் குரலைக் கேட்டீர்களா என்று கேட்டேன். தூளைப் பொதி செய்துகொண்டிருந்தவர் பையின் வாயைச் சுருட்டிக் கட்டத் தொடங்கினார். பிறகு, "நீ ஒண்டும் குழப்பிவிடாதை மோளே. கலியாணம் கட்டி வைச்ச பிள்ளை" என்றார். அவரை நான் நோகவில்லை. ஆனால் பொதியைக் கட்டி முடித்தவர், திரும்ப அவிழ்த்து இன்னும் இரண்டு கை தூள் அள்ளிப் போட்டார்.

அந்த வீட்டு மனிதர்களை நான் அறியேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான் நினைப்பதெல்லாம் பிழையாக இருந்தால் என்னைப் போல் சந்தோசப்படுகிறவள் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அங்கே போனதும் நல்ல கிற்றார் வாங்கித் தருகிறேன் என்று உன் மாப்பிள்ளை சொன்னாரே, வாங்கித் தந்தாரா? அது மட்டும் எனக்குத் தெரியவேண்டும். உன்னுடைய பழையது என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. நேற்று அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வெளியே இழுத்தேன். இன்று கம்பி மாற்றி வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இந்தக் கடிதம் தூளுக்குள் வரப்போவதில்லை. பஞ்சலிங்கம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உன் கையில்தான் தருவார். உன்னைக் காணாமல் பார்சலையும் கொடுக்க மாட்டார். "நான் தேத்தண்ணி கேட்டுக் குடிச்சுக் குடிச்சு அங்கையே இருப்பன், கோப்பையைத் தாறதுக்கெண்டாலும் பிள்ளை வரத்தானே வேணும்" என்றார். நீ தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் நின்று இதை வாசி. வாசித்ததும், தூள் கிடைத்ததைச் சொல்லவேண்டும் என்று கேட்டு, மாமாவின் போனில் எனக்கு எடு. யாரும் பக்கத்தில் நிற்கட்டும், பரவாயில்லை. தூளைப் பற்றி மட்டும் கதை.

தூள் நல்ல காரம் என்று சொன்னாய் என்றால், அந்தச் செய்தி உன் விருப்பம்தான் என்று எடுத்துக்கொள்வேன். காரணம் கேட்க மாட்டேன். அட்டையில் உன் இடத்தை நானே மறைத்துவிட்டு, என் தோளில் இருக்கிற கையையும் மறைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பேன். கோபமும் வைக்க மாட்டேன். கொஞ்சம் வைப்பேன்.

தூளில் காரம் காணாது, போதாது என்று சொன்னாய் என்றால், அந்தச் செய்தி உன்னுடையது இல்லை, அட்டையில் நாலு பேர்.

தூள் பழுதாய்ப் போய்விட்டது என்று சொன்னாய் என்றால், எனக்கு அட்டையும் வேண்டாம், வெளியீடும் வேண்டாம். மாமா அன்றைக்கு உன்னை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போகமாட்டார். மாமி அறை ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறார். மிச்ச அலுவலை இங்கே நாங்கள் பார்ப்போம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் கேட்காமல் தன் பாஸ்போட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்திருக்கிறார். பாவம், அது காலாவதியாகி எத்தனையோ வருடம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மண்டபம் இல்லாவிட்டாலும் வெளியீடு நடக்கும். துளசிகாவின் அப்பா தம்பிஐயா, துறைமுகத்தடியில் இருக்கிற தங்கள் மீனவர் சங்கத்து வலைக் கொட்டிலைத் தருகிறாராம். சத்தம் பெரிதாக இருக்கும் என்று சொன்னேன். "மெசின் சத்தத்துக்குள்ளைதானே பிள்ளை நாங்கள் சீவிக்கிறம், உங்கடை சத்தம் எங்களை என்ன செய்யும்" என்றார். மீன் மணக்கும். புகை மெசின் இல்லை. கருவாட்டுப் புகை வேண்டுமென்றால் போட்டுத் தருவார்களாம்.

அச்சகத்தாரிடம் வெள்ளிக்கிழமை வேண்டாம், நான் சொல்லும் வரைக்கும் பொறுங்கோ என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். ஒரு போன் வரவேண்டியிருக்கிறது என்றேன்.

அம்மா உனக்காக இப்போது ஜெபித்துக்கொண்டிருக்கிறார், ஞானிகளின் அங்கிகளுக்காகவும் சேர்த்து. கர்த்தர் உன் கூடவே இருப்பார் என்று எழுதச் சொல்கிறார். இருக்கட்டும். பிள்ளையாரும் இருக்கட்டும், யார் யாரால் முடியுமோ எல்லாரும் இருக்கட்டும். எனக்கு உன் குரல் கேட்டால் போதும். உன் வாய்க்குக் காரம் எந்தக் காலத்தில் போதுமாக இருந்தது? எடுத்து, காணாது என்று ஒரு சொல் சொல்லடி.

போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்,
உன் நிஷானி